நீச்சல்குளத்து மோட்டாரில் நான் மாட்டிய ஆட்டோ பெட்டி

"அடுத்த கரண்ட் பில்லும் இப்படித்தான் வந்துச்சுன்னா குளத்துல மண்ணைக் கொட்டி மூடிருவேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஒருதரம் வந்து பாருங்க" என்று போனில் சொன்னார் முருகேசன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகிற வழியில் அவருக்குத் தோட்டத்து வீடு.

அது ஆடம்பரத்துக்குக் கட்டிய குளம் இல்லை. அவர் மனைவி செல்விக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. தண்ணீருக்குள் நடந்து பழகினால் காலுக்குத் தெம்பு திரும்பும் என்று டாக்டர் சொன்னதால் கட்டினார். பைப், மோட்டார் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன். இராஜபாளையத்தில் முப்பது வருஷமாக எனக்கு இதுதான் தொழில். அந்தக் குளத்தை மூடினால் அந்த அம்மா மறுபடி கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான்.

பம்ப் ரூம் கதவைத் திறந்தேன். சுவரில் ஆட்டோ பெட்டி. எங்கள் பக்கம் தோட்டத்துக் கிணறுகளில் இதை மாட்டாத மோட்டார் அபூர்வம். கரண்ட் எந்நேரம் வரும் என்று தெரியாது. வந்ததும் மோட்டார் தானே ஓடவேண்டும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், எம்புட்டு ஓடினாலும் கேள்வியில்லை. அந்தக் கைப்பழக்கத்தில் இங்கேயும் அதையே மாட்டித் தொலைத்திருக்கிறேன். கிணற்று நினைப்பிலேயே மோட்டாரும் இரண்டு ஹெச்.பி. வீட்டு மீட்டரில் அது ராப்பகலாக ஓடியிருக்கிறது. குளத்து மோட்டார் என்றால் அப்படித்தான் ஓடும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டைமர் வைத்து, தினம் நாலு மணி நேரம் ஓடினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. செல்வியால் குளத்தில் இறங்க முடியவில்லை. "கரண்டு கொறைஞ்சுது, கூடவே குளமும் போச்சு" என்றார் முருகேசன். என் மேலேயே எனக்கு எரிச்சல். அடுத்த மீட்டர் ரீடிங் எடுப்பதற்குள் இதைச் சரிக்கட்டாமல் விடுவதில்லை என்று சாப்பாட்டுத் தூக்கோடு காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பார்த்தால், மோட்டாருக்கு முன்னால் குப்பை தடுக்கும் கூடை நிறைய வேப்பிலை. ஃபில்டர் அடைத்து, அழுத்தம் காட்டும் கேஜ் முள் உச்சியில் நின்றது. மணல் ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவி மாதக்கணக்காகிறது. மோட்டார் ஓடியதே தவிர, தண்ணீர் சரியாகப் போகவில்லை. இதைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் வெட்டினால் விளங்குமா?

ஃபில்டரைக் கழுவினேன். குளோரின் போட்டு இரண்டு நாள் விடாமல் ஓட்டித் தண்ணீரைத் தெளியவைத்தேன். பிறகு பெரிய மோட்டாரை இறக்கிவிட்டு அரை ஹெச்.பி. பம்ப் ஏற்றினேன். தண்ணீர் மெதுவாகப் போனால் மணல் நன்றாகவே வடிகட்டும். பகலில் எட்டு மணி நேரம் வைத்து, வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன். குளத்துத் தரை மங்கலாகத் தெரிந்த வாரம், அந்த அரை மணி நேரத்தைத் திரும்பக் கூட்டி, அதோடு நிறுத்தினேன். இலை விழாமல் மேலே வலை போட்டோம். கூடையைத் தட்டும் வேலையைச் செல்வியே எடுத்துக்கொண்டார்.

அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது. முருகேசன் கூப்பிட்டு அனுப்பினார். குளத்துக்கு இனி மண்ணே வேண்டாம் என்றார், கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. பழைய பில்லுக்கெல்லாம் காரணம் நான் மாட்டிய பெட்டிதான் என்று சொல்லிவிட்டேன். அவர் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குளத்துக்குள் கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்த செல்விதான் பேசினார்.

"நீங்க பெட்டியக் கழத்திப் பைக்குள்ள ஒளிச்சப்பவே பாத்துட்டேன் அண்ணாச்சி. தண்ணி பச்சையானதும் வேற ஆளைக் கூட்டியாறேன்னு நின்னாவ எங்க வீட்டுக்காரவிய. வேண்டாம், தப்புப் பண்ணுனவருதான் விடாம வந்து சரி பண்ணுவாருன்னு நாந்தான் தடுத்தேன்."

சொல்லிவிட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்து இரண்டு எட்டு நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் தப்பு என்னுடையது என்றால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன்.