ஸ்டியரிங் சார்

எஞ்சின் நின்றதும் சார் ஸ்டியரிங்கின் நடுவிலுள்ள வளையத்தை இழுத்து, ஒரு திருகு திருகி, ஸ்டியரிங்கை அப்படியே கழற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். அதில் ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் உள்ள கொக்கியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்ட பிறகுதான் காரைவிட்டு இறங்குவார். முன்சக்கரத்துக்கு மஞ்சள் இரும்புப் பூட்டு. பின்சக்கரத்தின் ஓட்டை வழியே ஒரு சங்கிலி. அதன் மறுமுனை தெருவிளக்குக் கம்பத்தோடு பூட்டப்படும். மேலே ஓர் உறை. உறைக்குள் கையை விட்டு நாலு கதவுகளையும் இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு வீட்டு வாசல்படி வரை போய், திரும்பி வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் இன்னொரு முறை இழுப்பார். நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த 'டடக்' சத்தம் கேட்காமல் எனக்குச் சாயங்காலக் காப்பி இறங்குவதில்லை.

இத்தனை காவலும் எதற்கு என்று உறையை விலக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் சிரித்தே வயிறு வலிக்கும். கார் ஒரு காலத்தில் வெண்ணெய் நிறம். இப்போது எந்த நிறம் என்று கேட்டால் நானும் நீங்களும் சண்டைதான் போட வேண்டும். பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது, மற்றது வெளியிலிருந்து திறக்காது. கிளப்பினால் தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கும். ஆனால் இந்த மாதிரிப் பழைய வண்டிகளைத்தான் திருடர்கள் தேடி வருகிறார்கள் என்பது அவர் கட்சி.

"புது வண்டின்னா உள்ள கம்ப்யூட்டர் இருக்கு சார். சாவிய அடையாளம் கண்டுபுடிக்கும். நம்ம வண்டி வெகுளி. எந்தச் சாவியப் போட்டாலும் கிளம்பிடும். நாமதான ஜாக்கிரதையா இருக்கணும்" என்பார், வயசுக்கு வந்த பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல.

தொழிலில் அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். அங்கேயும் ஸ்டியரிங் கூடவே போகும். ஊசியைக் கண்டால் நடுங்குகிறவர்களிடம் அதை நீட்டி, "இதக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்பார். நானே பிடித்திருக்கிறேன். பிடித்து இறுக்கினால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, கவனமும் எங்கேயோ சாலைக்குப் போய்விடுகிறது. ஒரு பாட்டியம்மாள் ஊசி ஏறும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினாராம். அவ்வளவு நேரமும் கயிற்றின் கொக்கி மட்டும் இவர் இடுப்பில் மாட்டியபடியே இருக்கும். நோயாளி எழுந்து ஓடினால் இவரும் பின்னாலேயே போக வேண்டியதுதான். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்டியரிங் சார். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில்கூட யாரோ அப்படி எழுதிவிட்டார்கள். அவர் அதைப் பிழை என்று நினைக்கவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஆள் குள்ளம். ஓட்டுநர் இருக்கையை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, முதுகுக்கு ஒரு மெத்தையும் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய வண்டியைச் சந்துபொந்தெல்லாம் வளைத்து எடுப்பதைப் பார்த்தால் நம் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேன் அக்கா என்றுதான் பிள்ளைகளும் கூப்பிடுகின்றன, பெற்றவர்களும் கூப்பிடுகிறார்கள். ஸ்டியரிங் சார் நல்ல நெட்டை. கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் குடை யாருக்குப் பிடிப்பது என்பதே பிரச்சினை.

பிரச்சினை குடையோடு நிற்கவில்லை. வீட்டு வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த இடத்தில் கார் உட்கார்ந்திருக்கிறது. சோறு போடும் வேனோ, தெருமுனையைத் தாண்டி, மைதானத்துச் சுவர் ஓரமாய் அநாதையாக நிற்கிறது. மழையோ பனியோ, விடியும் முன்னே அக்கா அத்தனை தூரம் நடந்து போய் வேனை எடுத்து வர வேண்டும். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடுற டப்பாவுக்கு வாசல்ல ராஜ மரியாதை. தினமும் உழைக்கிற வண்டிக்கு வனவாசம். பழைய இரும்புக் கடைக்காரர் எப்ப கேட்டாலும் எடுத்துக்கிறேங்கறாரு. இவரு காதுல விழுந்தாத்தான" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் காரில்தான் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார் என்பதையும், கற்றுக்கொடுத்தவர் சார்தான் என்பதையும், அந்த நாட்களில் இருவரும் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் போன மாதம் திருடன் வந்துவிட்டான்.

காலையில் சார் வந்து பார்த்தபோது மஞ்சள் பூட்டைக் காணோம். சங்கிலியைக் காணோம், அதன் பூட்டையும் காணோம். உறையையும் மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கார் மட்டும் குளித்துவிட்டுத் துண்டைத் தொலைத்தவர்போல் நின்றுகொண்டிருந்தது.

விசாரிக்க வந்த காவலர் நல்ல மனிதர். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

"என்ன காணோம்?"

"பூட்டு சார். ரெண்டு பூட்டு, சங்கிலி, உறை."

"வண்டி?"

"இருக்கு."

"இதுவா?"

"இதுதான்."

காவலர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பூட்டு நல்ல பூட்டோ?" என்று கேட்டார்.

அவர் போனதும் தெருவில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் வேன் அக்கா வாயைத் திறந்தார். "திருடனுக்கே வேணாமாம். இன்னும் என்னங்க? விலை போறத எடுத்துக்கிட்டான், போகாதத விட்டுட்டான்."

"ஸ்டியரிங் இல்ல, அதனால விட்டுட்டான்" என்றார் சார், கக்கத்தை இறுக்கிக்கொண்டு. "இருந்திருந்தா இந்நேரம் வண்டி எந்த ஊர்லயோ."

"அப்படியா? சரி. ஒரு வாரம். ஸ்டியரிங்க மாட்டி விடுங்க. சாவியையும் அதுலயே விடுங்க. எவனாவது எடுத்துட்டுப் போனான்னா, இதே தெருவுல நின்னு நான் தோத்துட்டேன்னு சொல்றேன். எவனும் எடுக்கலேன்னா இரும்புக் கடைக்காரருக்குப் போன் போடுவேன்."

"போடு" என்றார் சார். ரோஷம் அப்படி.

நான் அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "சார், திருடு போனாலும் வண்டி போச்சு, போகலேன்னாலும் வண்டி போச்சு. இது என்ன பந்தயம்?"

அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "வண்டி போனாலும் மானம் இருக்குமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை மாட்டப் போனார்.

அந்த வாரம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? இத்தனை வருஷம் காரைத் திருடனிடமிருந்து மறைத்து வைத்த மனிதர், அதைத் திருடனுக்கு அலங்கரிக்க ஆரம்பித்தார். கழுவினார், மெழுகு போட்டுத் தேய்த்தார். சப்பிப்போன பக்கம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பி நிறுத்தினார். பெட்ரோலும் போட்டார். "எடுத்துட்டுப் போறவன் பாதி வழியில நின்னுடக் கூடாது பாருங்க. நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?" என்று என்னிடம் விளக்கம் வேறு.

இடது கை மட்டும் பழக்கதோஷத்தில் மடங்கியே இருந்தது. கக்கத்தில் ஒன்றும் இல்லாமல் அவர் தெருவில் நடப்பதைப் பார்க்க எனக்கே என்னமோபோல் ஆயிற்று.

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் தாடிக்காரன் ஒருவன் கார்ப் பக்கம் வந்து நின்றான். இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்தான். சார் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நானும்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் நிமிர்ந்து தன் வழியே போய்விட்டான். சார் படியிறங்கி வந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

"கண்ணாடியப் பாத்துத் தலை சீவிட்டுப் போறான் சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை. ஊசியை எடுத்துக்கொண்டு வந்தவர், என்னிடம் நீட்ட ஸ்டியரிங் இல்லாததால் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்தார். அதை எப்படி இறுக்குவது? "அடுத்த வருஷம் எனக்கும் ஓய்வு சார்" என்றார், என் நரம்பைத் தட்டியபடி. "வயசாயிட்டா யாருக்குமே வேணாம்போல. திருடனுக்குக்கூட." இதை என்னிடம் சொன்னாரா, என் நரம்பிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஊசி மட்டும் எப்போதும்போல வலிக்காமல் இறங்கியது.

எனக்கு வாயில் எதுவும் நிற்காது. அன்று மாலையே வேன் அக்காவிடம் தாடிக்காரன் கதையைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஞ்சு உருண்டைக் கதையையும் சார் சொன்னதையும் சொன்னபோது சிரிப்பு பாதியில் நின்றது.

"பைத்தியம்" என்றார். "நேத்து சோத்தையும் அப்படியே வச்சுட்டு எழுந்து போயிடுச்சு." பிறகு காரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேனின் கண்ணாடியைத் துடைக்க எடுத்த துணி கையிலேயே இருந்தது.

வாரத்தின் கடைசி நாள். விடியும்போது நல்ல மழை. மழை விட்டு நான் எழுந்து வந்து பார்த்தால், எதிர்வீட்டு வாசலில் காரைக் காணோம். எண்ணெய்க் கறை மட்டும் பளபளவென்று கிடந்தது. கறைக்கு நடுவில் ஸ்டியரிங் சார் நின்றிருந்தார்.

"எடுத்துட்டான் சார்" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னார், பேப்பர் போடுகிறவரிடம் சொன்னார், பால் வாங்கப் போன எல்லோரிடமும் சொன்னார். "சொன்னேனில்ல? எடுத்துட்டான்." சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. ஜெயித்த மனிதர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேன் அக்கா வந்து சேர்ந்தார். தெரு நடுவில் வேனை நிறுத்தி, இறங்கி, யாரும் கேட்பதற்கு முன்பே உரக்கச் சொன்னார். "நான் தோத்துட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. இவரு வண்டிக்கு இன்னும் மவுசு இருக்கு." ஒரு மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். "வர்ற வழியில பாத்தேன். வண்டி மைதானத்துல நிக்குது. ரோந்து போலீஸ் வந்திருக்கும், பயந்து விட்டுட்டு ஓடியிருப்பான். மத்தபடி அவனுக்கு வண்டி ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

அவனுக்குப் பிடித்திருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சார் அதற்குள் வேனில் ஏறிவிட்டார். நானும் டீச்சரும் இன்னும் சிலரும் ஏறிக்கொண்டோம். குழந்தைகளுக்கான இருக்கைகள். முழங்காலை முகவாயில் இடித்துக்கொண்டு எல்லோரும் திருடு போன காரைப் பார்க்கப் போனோம்.

கார் மைதானத்துச் சுவர் ஓரமாக, தினமும் வேன் நிற்கும் அதே இடத்தில், சுவருக்கு இணையாக, கோடு போட்டதுபோல் நின்றது. பயந்து ஓடிய திருடன் கண்ணாடிகளை ஏற்றி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டு ஓடியிருந்தான். சார் எதையும் கவனிக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்காரப் போனார்.

உட்கார முடியவில்லை. இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு, முன்னுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவும் வந்திருந்தது. எப்படியோ உடம்பை நுழைத்தார். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் நின்றன. நடுக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் அவருடைய சட்டைப் பொத்தான்தான் தெரிந்திருக்கும். நான் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முன்கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த வேன் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எதாச்சும் எடுத்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் நெருங்கி வந்தார்.

சார் சட்டென்று கையைக் கீழே விட்டு இருக்கைக்கு அடியிலிருந்த பிடியை இழுத்தார். இருக்கை 'கிறீச்'சென்று கடைசி வரை பின்னால் போயிற்று. "ஒண்ணும் எடுக்கல டீச்சர்" என்றார், காலை நீட்டிக்கொண்டு. "ஆளு நல்ல உயரம் போல. எனக்கே எட்டல, சீட்ட அவ்வளவு பின்னாடி தள்ளி வச்சிருக்கான்."

அக்காவின் கை துடைப்பதை நிறுத்தியது.

வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு ஓட்டப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் கிளப்பவில்லை. நடு வளையத்தை இழுத்தார், ஒரு திருகு திருகினார். ஸ்டியரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தினார். இழுத்துப் பார்க்கவில்லை.

"இது இங்கயே நிக்கட்டும்" என்றார் மனைவியிடம். "நல்ல இடமாத்தான் பாத்து விட்டிருக்கான். வீட்டு வாசல்ல வேன விட்டுக்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் வழக்கமாகத் தன் இடுப்பில் மாட்டும் கயிற்றை ஸ்டியரிங்கின்மேல் ஒழுங்காகச் சுற்றி, கொக்கியோடு சேர்த்து ஸ்டியரிங்கை அக்காவின் கையில் கொடுத்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்க" என்றார்.