ஜில்லுவின் நேஷனாலிட்டி

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த ஒருவனை நான் ஒயர் கூடையில் உட்கார வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, ஷேர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அவனுக்கு மூன்று வயது. அவன் ஒரு பூனை.

அம்மாவின் தங்கையான என் சின்னம்மா, ஒரு மார்ச் மாதம் பிரான்சிலிருந்து மூலக்குளத்து வீட்டுக்கு வந்து இறங்கினாள். ஐந்து வருடத்துக்கு முன் நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் நேஷனாலிட்டி என்று சொன்னால் எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது உள்ளவரோடு சேர்ந்துகொண்டால் நாமும் பிரான்சுக்குப் போய்விடலாம் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். திரும்பி வந்தவளிடம் ஒரு பெட்டியும் ஒரு கூண்டும் மட்டுமே இருந்தன. "லீவுக்கு வந்திருக்கா" என்று அம்மா தெருவுக்கே அறிவித்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

கூண்டிலிருந்து வெளியே வந்தவனை எங்கள் தெருப் பூனைகளுக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஷார்த்ரு என்ற பிரெஞ்சு ஜாதியாம். நீலம் கலந்த சாம்பல் நிறம், செம்பு நிறக் கண்கள், பருத்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒல்லிக் கால்கள். வாயோரம் மேலே வளைந்திருந்ததால் எந்நேரமும் சிரித்த மூஞ்சி. கத்தவே மாட்டான். பசித்தால் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடுவான், சத்தம் வராது. அங்கே வருடத்துக்கு ஓர் எழுத்து உண்டாம், ஜாதிப் பூனைகளுக்குப் பிறந்த வருடத்தின் எழுத்தில்தான் பெயர் வைப்பார்களாம். அப்படி ஜில்பேர் என்று வந்தவன், இரண்டாம் நாளே எங்களுக்கு ஜில்லு ஆகிவிட்டான்.

முடி குட்டைதானே, வேலை குறைவு என்று நினைத்து ஏமாந்தோம். அடியில் கம்பளி போல இன்னொரு அடுக்கு இருந்தது. மே மாதத்தில் அது கொத்துக் கொத்தாக உதிர்ந்து அப்பாவின் வேட்டியிலெல்லாம் ஒட்டியது. தினமும் சீவ வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, அளவாகப் போட வேண்டும். கூடப் போட்டால் உருண்டையாகிவிடுவான். இதையெல்லாம் சின்னம்மா எனக்குப் பழக்கினாள். நான் அவசரமாகச் சீவினால் "துஸ்மா, துஸ்மா" என்பாள். மெதுவாக என்று அர்த்தம்.

அந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். ஒருநாள் சீவும்போது சட்டைக்கை மேலேறி, கையின் உள்பக்கம் இரண்டு நீளத் தழும்புகள் தெரிந்தன.

"இது இன்னா சின்னம்மா?"

"ஜில்லு பிராண்டிட்டான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கையை இழுத்துவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். அப்போதும் அவன் சிரித்த மூஞ்சியாகவே இருந்தான்.

ஜில்லுவின் பாஸ்போர்ட் நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். அதில் அவன் பெயர், பிறந்த தேதி, கழுத்துத் தோலுக்குள் இருக்கும் சிப்பின் எண், போட்ட ஊசிகள் எல்லாம் இருந்தன. அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, பூனைக்கே நேஷனாலிட்டி வந்துடுச்சி. உனக்குத்தான் இன்னும் வரல" என்று சின்னம்மாவைக் கிண்டல் செய்தார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அதை அப்படியே நம்பினேன்.

சின்னம்மாவின் லீவு நீண்டுகொண்டே போனது. கோயிலில், ரேஷன் கடையில், காய்கறி வண்டியருகில் எங்கே பார்த்தாலும், "எப்ப திரும்பிப் போற?" என்று அவளைக் கேட்டார்கள். "போவணும்" என்பாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து ஜில்லுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒருநாள் சமையலறையில் அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இனிமே அவ அங்க எப்டி போவா?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். போக வழியில்லாமல் சின்னம்மா தவிக்கிறாள். அவளுக்கு நேஷனாலிட்டி இல்லை, ஜில்லுவுக்கு இருக்கிறது. ஆகவே ஜில்லுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வெறிநாய்க்கடி ஊசிக்கு எதிரே எழுதியிருந்த தேதி அடுத்த வாரத்தோடு முடிந்தது. அது முடிந்தால் ஜில்லுவின் நேஷனாலிட்டியும் போய்விடும், சின்னம்மா கதி அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "ஊசி எங்க ஓடிடப் போவுது? போயி படி" என்றாள். இவர்களை நம்பிப் பயனில்லை என்று அன்றே முடிவு கட்டினேன். சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சின்னம்மா கண்ணயர்ந்த நேரத்தில் கூடையை எடுத்தேன்.

மாட்டு ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நான்கு ஆடுகளும் ஒரு நாயும் காத்திருந்தன. "கூட யாரும் வரலியா?" என்று டாக்டர் கேட்டார். "அம்மா வெளிய வண்டியில இருக்காங்க சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"பிராண்டுமா?"

"பிராண்டும் சார். எங்க சின்னம்மா கைய கிழிச்சி வச்சிருக்கு."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஊசியைப் போட்டார். ஜில்லு வாயைத் திறந்து மூடினான். நகம் வெளியே வரவே இல்லை. டாக்டர் அவன் பாதத்தை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "இவனா பிராண்டுனான்? வேற ஏதாவது பூனையா இருக்கும்மா."

"வீட்ல வேற பூனயே இல்ல சார்" என்று அடித்துச் சொன்னேன். எனக்கு அந்தப் பேச்சு முக்கியமில்லை. பாஸ்போர்ட்டை மேஜையில் விரித்து வைத்து, "இதுல சீல் போடுங்க" என்றேன். அது அந்த ஊர்ப் புத்தகம், நம் சீல் அதில் செல்லாது என்றார். நான் நகரவில்லை. அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார், அப்போதும் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் மேஜை விளிம்பை விடவில்லை. கடைசியில் அவரே தோற்றுப்போய், கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்திக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது தெருமுனையில் சின்னம்மா செருப்பில்லாமல் நின்றிருந்தாள். ஓடிவந்து கூடையைப் பிடுங்கி ஜில்லுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடி விழுமுன் நான் முந்திக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"சீல் வாங்கிட்டேன் சின்னம்மா. இவனோட நேஷனாலிட்டி இனிமே போவாது. இவன் உன்ன பிரான்சுக்குக் கூட்டினு போயிடுவான்."

அவள் அந்தச் சீலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். வந்த ஒன்பது மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

"அழாத சின்னம்மா. அடுத்த வருஷமும் நானே போட்டுத் தரேன்" என்றேன்.

சின்னம்மா திரும்பிப் போகவே இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். பிரான்சில் அந்த வீட்டை விட்டு மூன்று மாதம் முன்னாலேயே கிளம்பியிருக்கலாமாம். ஜில்லுவுக்கு ஊசி, சிப், விமானத்தில் ஏற்றக் காகிதம் எல்லாவற்றையும் மாப்பிள்ளையாக வந்த அந்த மனிதருக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக முடிக்க அத்தனை நாள் ஆயிற்றாம். "அவன அந்தாளு கிட்ட விட்டுட்டு வர மனசு வரல" என்றாள்.

ஜில்லு பதினான்கு வயது வரை இருந்தான். நான் எத்தனையோ முறை அவன் வாலை மிதித்திருக்கிறேன், அம்மா துடைப்பத்தால் விரட்டியிருக்கிறாள். அவன் ஒருவரையும் ஒரு தடவைகூடப் பிராண்டியதில்லை. அவன் தலையில் அன்று நான் வைத்த குட்டு, வேறு ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.