அப்பாவுக்கு வந்த சாமி

எங்கள் தெருவில் யாராவது குடியை விடப்போகிறேன் என்று கிளம்பினால், என் அத்தை அவரை முதலில் கோயிலுக்கு விடமாட்டாள். கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். "மொதல்ல டாக்டரப் பாரு. ரொம்ப வருசமா குடிச்ச ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்தாம். மாலய வந்து போட்டுக்கலாம்." இந்தப் புத்தி அத்தைக்கு வந்தது என் அப்பாவால்தான். கொஞ்சம் தாமதமாக வந்தது.

அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூப்பில் இறங்கும் சாராயம் காலையிலேயே உள்ளே போனால்தான் அவருக்குக் கை நடுக்கம் நிற்கும். அதே சாராயத்தால் பக்கத்து வீட்டு அண்ணன் கண் தெரியாமல் போய்ச் செத்த பிறகு, தெருப் பெண்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். டியூப்பைக் கிழித்தும் பார்த்தாயிற்று, போலீசுக்குப் போயும் பார்த்தாயிற்று. இனி கார்த்திகை பிறந்ததும் குடிக்கிற ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் ஐயப்பன் மாலை. பெண்டாட்டிக்குப் பயப்படாதவன் சாமிக்காவது பயப்படமாட்டானா? அத்தை தன் அண்ணனுக்குத்தான் முதல் மாலையைப் போடவைத்தாள்.

அடேயப்பா, அந்த இரண்டு நாள்! கறுப்பு வேட்டியும் விபூதியுமாக அப்பா வீட்டிலேயே இருந்தார். பெற்ற மகள் நானே அவரை "சாமி" என்றுதான் கூப்பிடவேண்டும். அவர் கை நடுங்கியபோது, கார்த்திகைக் குளிர் என்று அம்மா போர்வை கொடுத்தாள். அடி வாங்காமல் சோறு பொங்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அப்பாவுக்கு உடம்பே உதறியது. வேர்த்துக் கொட்டியது. யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசினார்.

"ஐயோ, சாமி வந்துட்டாருடி!" என்று அத்தை கத்தினாள். தெருவே திரண்டது. கற்பூரம் ஏற்றினார்கள். "இன்னா கொறை வெச்சோம் சாமி? சொல்லுங்க!" என்று அத்தை அழுதுகொண்டே கேட்டாள்.

அப்பா தொடையைத் தட்டித் தட்டி, "எறும்பு... எறும்பு ஏறுது" என்றார். ஓர் எறும்பும் இல்லை. சர்க்கரைப் பொங்கல் கேட்கிறார் என்று ஒருத்தி அர்த்தம் சொன்னாள். எல்லோரும் கோயில் வாசலில் அடுப்பு மூட்ட ஓடினார்கள். பாவம், அவர் பிழைக்கவேண்டும் என்று அவர்களைவிட ஆசைப்பட்டவர்கள் யாருமில்லை.

வீட்டில் நான் மட்டும் நின்றேன். அப்பா சட்டென்று என்னைப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். கையை நீட்டி, "பயமாகீதுடி. கையப் புடிச்சிக்கோ" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பொங்கல் பானையை இறக்குவதற்குள் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாமி வந்தவரைத் தொடக்கூடாது என்றுதான் எனக்குத் தெரியும். சாமிக்கு என் பேர்கூடத் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய், அந்தக் கைக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்.