காரைக்காலில் கடைந்த ஷாஃப்ட்

காலை ஏழு மணிக்கு, பூவம் கிராமத்து வயலில் எங்கள் அறுவடை இயந்திரம் நின்றுவிட்டது. நான் சேலம் பக்கத்து ஆத்தூர்க்காரன். தை பிறந்தால் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு டெல்டாவுக்கு வருவது எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிழைப்பு. காரைக்கால் மாவட்டத்துக்கு இதுதான் என் முதல் பயணம். வந்த வேகத்தில் கதிரடிக்கும் டிரம்மைச் சுழற்றும் ஷாஃப்ட் இரண்டாக முறிந்தது.

வயல்காரர் தனம் அக்காவின் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், சம்பா முற்றி நின்றது. கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

"சாயங்காலம் மழைன்னு சொல்றாங்க தம்பி. சாஞ்சிச்சின்னா நெல்லு வயல்லயே முளைச்சிடும்," என்றார்.

கம்பெனியில் கேட்டால் புது ஷாஃப்ட் சேலத்திலிருந்து வர மூன்று நாளாகுமாம்; எதற்கும் அனுப்பச் சொன்னேன். பக்கத்து இயந்திரங்களெல்லாம் வேறு வயல்களில். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலாம். காபி கொடுத்தார்.

முறிந்த துண்டுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காரைக்கால் பேருந்தில் ஏறினேன். பத்துக் கிலோமீட்டருக்குள்தான். பக்கத்து இருக்கைக்காரர் சாக்கைப் பார்த்ததுமே ஜப்பார் பாய் பட்டறைக்குப் போகச் சொன்னார். மீன்பிடிப் படகுக்காரர்களெல்லாம் அங்கேதான் போவார்களாம்.

எங்கள் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அதனால் கொஞ்சம் இளப்பமாகத்தான் நுழைந்தேன். உள்ளே என்னைவிட வயதில் மூத்த ஒரு லேத். கைபட்டுக் கைபட்டு அதன் பிடிகள் வெள்ளியாக மின்னின. கீழே சுருள் சுருளாக இரும்புச் சீவல். அந்தச் சூடான எண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்கும்; சொல்ல வெட்கமில்லை.

ஜப்பார் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். தன்னடக்கத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். துறைமுகத்தில் ஓடும் படகுகளில் பாதி தன் கைவேலை என்றார். துபாயில் கப்பல் பட்டறையில் இருந்தபோது தன்னைத் திருப்பி அனுப்ப மனசே வரவில்லையாம் அவர்களுக்கு. பேசிக்கொண்டே துண்டைப் பார்த்தவர், அது உட்கார்ந்து சுழலும் பேரிங் எங்கே என்றார். வயலில் என்றேன்.

"ஒடஞ்சதை அளந்தா ஒடையிற ஷாஃப்ட்தாங்க வரும். இது தேஞ்சி கெடக்கு. இது எதுல உக்காரணுமோ அதைக் கொண்டாங்க."

டிரைவர் பெரியசாமிக்குப் போன் செய்தேன். பேரிங்கையும் பெல்ட் ஓடும் புல்லியையும் அவர் பைக்கில் கொண்டுவருவதற்குள் பாய் புது இரும்புத் தண்டை லேத்தில் மாட்டிக் கடைய ஆரம்பித்திருந்தார். இரண்டு கையும் இரண்டு சக்கரப் பிடியில், காது, இரும்பை வெட்டும் சத்தத்தில். சத்தம் சற்று மாறினால் கை நின்றுவிடும். வெளியே தூறல் விழுந்தது. தனம் அக்கா போன் செய்து "ஆவுதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் பாயை யாரும் அவசரப்படுத்த முடியாது. கொஞ்சம் கடைவார், பேரிங்கைப் போட்டுப் பார்ப்பார், மறுபடி கடைவார். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்தார்.

"தட்டுனா ஏறணும். தள்ளுனா ஏறக் கூடாது," என்றார்.

மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். பேரிங் ஏறி உட்கார்ந்தது. நான் கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. புல்லி நழுவாமலிருக்கப் பள்ளம் வெட்டி முடித்ததும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். தன் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்காமல் சோறு இறங்காதாம்.

தூறல் விட்டிருந்தது. இரண்டரை மணிக்கு இயந்திரம் ஓடியது. பேரிங் மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தபடி பாய் கூடவே நடந்தார். பொழுது சாய்வதற்குள் மூன்று மாவும் அறுத்து நெல்லை டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் கட்டினோம். இருட்டும்போது மழை கொட்டியது. தனம் அக்கா அழுதுவிட்டார். பாய் அதையும் தன் ஷாஃப்டுக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கம்பெனி ஷாஃப்ட் எண்ணெய்க் காகிதம் சுற்றி வந்து சேர்ந்தது. மாற்றிவிடலாமா என்று பெரியசாமியைக் கேட்டேன். ஓடுகிறதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று புதியதைக் கருவிப் பெட்டிக்குள் அடியில் போட்டார்.

அறுவடை முடிந்து ஆத்தூர் திரும்பியதும் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் குனிந்து பாயின் ஷாஃப்டை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு கடைஞ்சது?"

"காரைக்கால்ங்க," என்றேன், என்னவோ நான் பிறந்த ஊரைச் சொல்வது போல.