ஊசிக்குப் பிறகும் போகாத எரிச்சல்

கவின்ராஜ் மைசூரில் டாக்ஸி ஓட்டுகிறவன். சொந்த ஊர் கர்நாடகத்தில் தமிழர்கள் வாழும் மார்டள்ளி. மனைவி தமிழ்ப்ரியா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். போன கோடையில், ஊட்டிச் சவாரி ஓயாமல் இருந்த நேரத்தில், அவனுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனான். டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை என்றுதான். வெளியூர் சவாரி டிரைவர் என்றதும் அவர் முகத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. பெண்களிடம் போய் வருவதால் ஒட்டிக்கொள்ளும் நோயாக இருக்கலாம் என்றார். தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று கவின்ராஜ் சொன்னதற்கு, எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, மனைவிக்கும் அதையே கொடுக்கச் சொன்னார்.

நடந்ததை அவன் அப்படியே தமிழ்ப்ரியாவிடம் சொன்னான். அவள் மறுபேச்சில்லாமல் மாத்திரையை விழுங்கினாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

எரிச்சல் குறைந்ததே தவிர விடவில்லை. சிறுநீர் கழித்து முடித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போலிருக்கும். சீட்டில் உட்கார்ந்தால் அடிவயிற்றுக்குக் கீழே பிடித்து இழுக்கும். கிளினிக்கில் மறுபடியும் அதே மாத்திரை. தீர்ந்ததும் மெடிக்கலில் தானே வாங்கிப் போட்டுக்கொண்டான். அடிக்கடி இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டான். ஊட்டி வழியில் வரும் பந்திப்பூர் காட்டுக்குள் வண்டியை நிறுத்த முடியாது. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டும்போது, சிரித்த அந்த டாக்டர் மேல்தான் ஆத்திரமாக வரும்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்த பெண் டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார். ரிசல்ட் வாங்கப் போன அன்று தமிழ்ப்ரியாவும் கூட வந்தாள். இப்போது எந்தக் கிருமியும் இல்லை என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி, பயத்திலேயே இருந்ததில் உள்ளே தசைகள் இறுகியிருக்கின்றன, இனி மாத்திரை வேண்டாம், தசையைத் தளர்த்தும் பயிற்சி செய்தால் மெல்லச் சரியாகும் என்றார்.

தமிழ்ப்ரியா ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த நோவு இவருக்கு முதல்ல இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சாதாரணச் சிறுநீர்த் தொற்றாகவும் இருந்திருக்கலாம். டெஸ்ட் எடுக்கும் முன்பே மருந்து கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் கவின்ராஜ் அவள் பக்கம் திரும்பினான். "நான் பொய் சொல்லல ப்ரியா."

"இப்ப நம்பறனுங்க," என்றாள் அவள். "அந்த மாத்திரைய முழுங்கறப்ப நம்பல."



இப்போது தினமும் காலையில் பயிற்சி செய்கிறான். பல நாள் வலி இல்லை. சில நாள் திரும்பி வருகிறது, அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. காட்டுக்குள் நுழைவதற்கு முன் குண்டலுப்பேட்டையில் கட்டாயம் வண்டியை நிறுத்துகிறான். சவாரிக்காரர்கள் முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுகிறான்.