சான்று சொல்லாத ஞாயிறுகள்

என்னைத் திருமறை வாசிக்கும் பொறுப்பிலிருந்து நீக்கவைத்தவர் என் அடுத்த வீட்டுக்காரர்தாம். மட்டாஞ்சேரியில் எங்கள் சிறிய தமிழ்ச் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, என் தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை என்றும், இதைக் கேட்பதினும் மலையாள வழிபாட்டுக்குப் போவது மேல் என்றும் சொன்னார். சபை சிரித்தது. நான் மிளகுப் பண்டகசாலையில் எழுத்தன். அவர் அங்கேயே மூட்டை சுமப்போரின் தலைவர். ஒரே சுவரின் இருபுறமும் குடியிருந்தும் அன்றுமுதல் நாங்கள் முகம் பார்த்ததில்லை.

எழுபதுகளின் இறுதியில், ஒரு மழைக்காலத்தில், மூட்டை அடுக்கு சரிந்து அவர் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மகன்கள் இருவரும் வளைகுடாவில் இருந்தனர். சில மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண்ணே உயிரைக் கொண்டுபோகும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவர் மனைவியோ மெலிந்த உடம்பினர். பகலில் அக்கம்பக்கத்துக் கொங்கணிப் பெண்கள் கைகொடுத்தனர்; காலைக்கும் மாலைக்கும் ஆளில்லை. எங்கள் சபை ஆயர் சுள்ளிக்கல்லிலிருந்து நடந்துவந்து என்னை உதவக் கேட்டார்.

அன்பினால் ஒப்புக்கொண்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். மறுத்தால் சபை என்ன பேசுமோ என்ற அச்சமும், அவர் வீழ்ந்து கிடப்பதைக் காணும் இழிந்த விருப்பமுமே என்னை அங்குக் கொண்டுசென்றன.

தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுப்பேன். அவர் மனைவி கால்களைப் பிடிப்பார். கோழியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்று அவர் நாள்தோறும் ஏசினார். புரட்டி முடித்ததும் கட்டிலருகே நின்று, அவர் பழித்த அதே தமிழில், வேண்டுமென்றே நீளமாகச் செபிப்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இறைவன் தம்மைக் கொண்டு செய்வித்ததை ஞாயிறுதோறும் யாரேனும் எழுந்து சான்றாகச் சொல்வது எங்கள் சபை வழக்கம். நான்கு மாதங்களுக்குப் பின் நானும் எழுந்தேன். பகைவனின் உடலைத் தாங்குவதைச் சொன்னேன். அவர் முதுகின் கீழே காசளவு தோன்றியிருந்த புண்ணையும், அதை நான் துடைப்பதையும், அதன் நாற்றத்தையுங்கூடச் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். அடுத்த ஞாயிறு முதல் திருமறையை நீங்களே வாசியுங்கள் என்றார் ஆயர்.

அன்று மாலை நான் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. நான் கைவைத்ததும் அவர் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டார்.

"எனக்க புண்ணைக் கோயில்ல கொண்டு காட்டினீரா ஓய்?"

மனைவி கெஞ்சியும் பிடியை விடவில்லை. மூன்று நாள், காலையும் மாலையும், வாசலில் நின்று திரும்பினேன். நான்காம் நாள் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, புண்ணு உள்ளங்கை அகலம் ஆயாச்சு" என்றார். அக்குரலில் வேண்டுகோள் இல்லை, குற்றச்சாட்டு இருந்தது.

சென்று, என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் கட்டில் சட்டத்தைப் பற்றியபடியே சொன்னார்.

"புரட்டும். செபம் வேண்டாம். கோயில்ல போயி இனி ஒரு அட்சரம் மிண்டப்படாது."

பிடியைத் தளர்த்தினார். புண் ஆற ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள்ளும் பின்னும் அவர் என்னிடம் இனிய சொல் ஒன்றும் சொன்னதில்லை.

சொன்னபடி அந்த அடுத்த ஞாயிறே ஆயர் வாசிக்க அழைத்தபோது நான் எழவில்லை. அந்தப் புண்ணைக் காட்டிப் பெற்ற பொறுப்பு அது. காரணத்தைச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. சான்று சொல்லும் வேளைகளிலும் வாய்மூடியிருந்தேன். இறைப்பற்றில் நான் குளிர்ந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. நோயாளியைக் கைவிட்டுவிட்டார் போலும் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மறுத்துரைக்க நோயாளியின் மனைவியோ அவரைவிட்டுக் கோயிலுக்கு வர இயலாதவர்.

கடைசியில் ஆயர் என் வீட்டுக்கு வந்து, வழிதவறிய என் ஆன்மாவுக்காக மண்டியிட்டு மன்றாடினார். மன்றாட்டு நீண்டுகொண்டே போயிற்று. ஆறு மணி ஆகிவிட்டிருந்தது. அடுத்த வீட்டில் அவரைப் புரட்ட வேண்டும். ஆயர் ஆமென் சொல்லுமுன்பே எழுந்து போனேன்.