ஒத்தவரியாரின் தனி ரூம்

அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் அவரை ஒத்தவரியார் என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் புரோகிராமை, கோழி கிளறிய மாதிரி நாலு குறிகளில் ஒரே வரியாக எழுதிவிடுவார். அதோடு விட்டாரா? காபி மெஷின் பக்கம் வருகிறவர்களையெல்லாம் மறித்துக் காட்டுவார். புரியவில்லை என்று யாராவது சொன்னால் மனிதருக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, யார் எங்கே உட்காருவது என்று சீட்டு பிரிக்கும் வேலை அவரிடம் வந்தது. ஊழியர் எண்கள் ஒரு வரிசை, சீட்டுகள் இன்னொரு வரிசை. ஒருவர் அடித்து அனுப்பும் எண் முதல் வரிசையில் எத்தனையாவதோ, இரண்டாவது வரிசையில் அத்தனையாவது சீட்டு அவருக்கு. இடத்தைத் தேட அவர் எழுதும் கம்ப்யூட்டர் மொழியில் ஒரே குறி போதும். ஆனால் தேடியது கிடைக்காவிட்டால் அந்தக் குறி 'இல்லை' என்று சொல்லாது. கடைசி இடத்துக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

"கிடைக்கலன்னா என்ன பண்றதுன்னு இன்னொரு வரி சேத்துடுங்களேன் சார்," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"ரெண்டாவது வரியா? அதுக்குத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களேம்மா."

மாறிய அன்று ஐந்து பேர் ஒரே கதவு முன்னால் நின்றார்கள். உள்ளே துடைப்பம், மாப், வாளிகள், பினாயில், ஒரு நாற்காலி. சீட்டு வரிசையில் எல்லோருக்கும் போக மிஞ்சியிருந்த கடைசி இடம் அதுதான். ஐவரும் எண்ணுக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி அடித்திருந்தார்கள்; அதனால் அந்த எண் முதல் வரிசையில் கிடைக்கவில்லை. அந்த ஐவரில் ஒருவர் ஒத்தவரியார்.

நாலு பேர் மேனேஜரிடம் கத்தித் தங்கள் சீட்டை வாங்கிவிட்டார்கள்.

"உங்களுக்கும் மாத்திடலாமா?" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். வேணும்னேதான் போட்டுக்கிட்டேன். அமைதியா இருக்கும்."

ஒப்புக்கொண்டால் வரி தப்பாகிவிடுமே! வாளிகளை ஓரம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். வீட்டில் தனி ரூம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பூரித்துப்போன மனைவி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். அந்த நேரம் பார்த்துத் துப்புரவு அக்கா கதவைத் தள்ளினாள்.

"காலத் தூக்குங்க சார், மாப்ப எடுக்கணும்."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். மனைவிக்கு முகம் செத்துவிட்டது.

"இப்பவே போய் வேற சீட்டு கேளுங்க."

"கேட்டா என் வரி தப்புன்னு ஆயிடும்டி."

"அப்ப அந்த வரிகிட்டயே சோறு கேளுங்க."

மறுநாள் கேட்கத்தான் போனார். அதற்குள் அவருடைய சீட்டில் புதிதாகச் சேர்ந்தவர் உட்கார்ந்தாகிவிட்டது. இன்னமும் அந்த அறையில்தான் இருக்கிறார். கதவில் தன் பேரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார். துப்புரவு அக்கா தட்டாமலே உள்ளே போய் வருகிறாள்.